பல கட்டுப்பாடுகள், ஒரு தாய்லாந்து விருந்து: கொங்கு வீட்டுக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு வீட்டில் தாய்லாந்து உணவு சமைத்து விருந்து வைப்பது இன்று கடினமான செயலன்று. தேங்காய்ப்பால், புளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, அரிசி, பனைவெல்லம் என அந்நாட்டுச் சமையலுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை நம் அடுக்களையிலேயே இருக்கின்றன; எலுமிச்சைப் புல்லும் பச்சை அரத்தையும் நகரத்துப் பெரிய கடைகளில் கிடைக்கின்றன. பந்தியில் அமர்பவர்களின் கட்டுப்பாடுகளை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் கடினம். பன்னிரண்டு பேரை அழைத்தால், அவர்களுள் வெங்காயமும் பூண்டும் கிழங்கும் உண்ணாத சமணத் தம்பதியர் இருக்கலாம். நிலக்கடலை ஒவ்வாத குழந்தை இருக்கலாம். பாலையும் நெய்யையும் விட்டுவிட்ட கல்லூரி மாணவி இருக்கலாம். ஹலால் இறைச்சி மட்டுமே உண்ணும் குடும்பம், கோதுமை ஒவ்வாத நண்பர், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள பெரியப்பா, கோழி இல்லாவிட்டால் அதை விருந்தென்றே ஒப்புக்கொள்ளாத மாமா என எல்லோரும் ஒரே கூடத்தில் அமர நேரலாம்.

இத்தகைய விருந்துக்கு நான்கு ஏற்பாடுகள் உள்ளன. உணவகத்திலிருந்தோ சமையல் ஒப்பந்தக்காரரிடமிருந்தோ வரவழைக்கலாம். சைவம், அசைவம் என இரண்டு முழுச் சமையல் செய்யலாம். எல்லோரும் உண்ணக்கூடியதை மட்டும் ஒரே சமையலாகச் செய்யலாம். அல்லது பொதுவான ஓர் அடிக்குழம்பை வைத்துக்கொண்டு, வேண்டிய கட்டத்தில் அதைப் பிரிக்கலாம். எத்தனை வகை பரிமாறுகிறோம் என்பதைக் காட்டிலும், சமையல் எந்தக் கட்டத்தில் பிரிகிறது என்பதே இந்த ஒப்பீட்டில் முடிவைத் தருகிறது என்பது என் கருத்து. அதை விளக்குவதற்குமுன், கட்டுப்பாடுகளையும் தாய்லாந்துச் சமையலில் அவை மோதும் இடங்களையும் பார்த்துவிட வேண்டும்.

கேட்க வேண்டியவை

“சைவமா, அசைவமா?” என்று கேட்டு அத்தோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். இந்த விருந்துக்கு அந்தக் கேள்வி போதாது. முட்டை உண்பாரா, வெங்காயம் பூண்டு உண்பாரா, அந்த வாரத்தில் சஷ்டியோ ஏகாதசியோ வேறு விரதமோ உண்டா, மாலை அணிந்திருக்கிறாரா, மருத்துவர் விலக்கச் சொன்ன பொருள் ஏதேனும் உண்டா என்று விருந்துக்குச் சில நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் கேட்பது நல்லது. பதில்களை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது உயிருக்கோ உடலுக்கோ தீங்கு தரக்கூடியவை: நிலக்கடலை, இறால், நண்டு போன்றவற்றின் ஒவ்வாமையும், கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் இதில் அடங்கும். இரண்டாவது நெறி சார்ந்தவை: சமண உணவு, ஹலால், புரட்டாசி விரதம், விலங்கிலிருந்து வரும் பால், நெய் உட்பட எதையும் சேர்க்காத வீகன் உணவு. மூன்றாவது அளவு சார்ந்தவை: சர்க்கரை, உப்பு, காரம். முதல் தரத்தில் ஒரு துளி கலந்தாலும் தவறு. இரண்டாவதில் பாத்திரமும் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும். மூன்றாவதில் குறைத்துப் பரிமாறினால் போதும். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டால் வேலை வீணாகப் பெருகும்.

தாய்லாந்துச் சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் கலப்பவையே மிகுதி. உப்புக்குப் பதிலாக அங்கே பெரும்பாலும் ஊற்றப்படுவது நாம் பிளா என்னும் மீன் சாஸ். நெத்திலி வகை மீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் நொதிக்க வைத்து வடிப்பது அது. குழம்புக்கான விழுதுகளில் கபி எனப்படும் இறால் விழுது சேர்கிறது. டாம் யம் சாற்றில் கரைக்கும் மிளகாய் விழுதில் காய்ந்த இறால் இருக்கும். வதக்கல்களில் சேரும் சிப்பிச் சாஸ் பெயருக்கேற்பச் சிப்பியிலிருந்து வருவது. எனவே, பச்சை மிளகாய் விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் பச்சைக் குழம்பில் காய்கறி மட்டும் மிதப்பதைப் பார்த்துச் சைவம் என்று நம்பிவிட முடியாது.

இதைவிட நுட்பமானது, ஒருவருக்காகச் செய்யும் மாற்று மற்றொருவருக்குத் தடையாக மாறுவது. மீன் சாஸை விலக்கிச் சோயா சாஸ் ஊற்றினால் சைவர்களின் குறை தீரும்; ஆனால் வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்து நொதிக்க வைக்கப்படுவதால் சீலியாக் நோயாளி அதை உண்ண முடியாது. நிலக்கடலைக்குப் பதில் முந்திரி போட்டால், முந்திரி ஒவ்வாதவர் யாரேனும் உண்டா என்று மீண்டும் கேட்க வேண்டும். கோழிக்குப் பதில் பன்னீர் போட்டால் வீகன் விருந்தினர் விலகிவிடுவார். வெங்காயமும் பூண்டும் இல்லாத குறையைப் போக்கச் சமையல்காரர் வழக்கப்படி பெருங்காயம் தூவினால், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு மாற்றுப் பொருள் தேடுவதைவிட, பொருளையே சேர்க்காமல் விடக்கூடிய இடங்களைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

வரவழைப்பதும் இரட்டைச் சமையலும்

உணவகத்திலிருந்து வரவழைப்பது உழைப்பைக் குறைக்கும். அதன் நன்மை அத்தோடு முடிகிறது. பெரும்பாலான உணவகங்கள் விழுதைப் புட்டியில் வாங்கிப் பயன்படுத்துகின்றன. ஒரே இரும்புச் சட்டியில் இறாலும் காய்கறியும் மாறி மாறி வதங்குகின்றன. “எங்கள் பச்சைக் குழம்பில் மீன் சாஸ் இல்லை” என்று தொலைபேசியை எடுப்பவர் சொல்லலாம். விழுதுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சமையல் ஒப்பந்தக்காரர்களின் நிலை சற்று வேறு. குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்களின் திருமணங்களுக்குச் சமைத்துப் பழகியவர்களுக்கு ஜெயின் சமையல் புதிதன்று. விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபருக்குப் பழங்கோயில் நிற்கும் கொங்கு நாட்டுக்கே அது புதிதன்று. ஆனால் தாய்லாந்துச் சமையலும் ஜெயின் கட்டுப்பாடும் ஒருசேரத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது கடினம். பந்தியில் சைவம், அசைவம் என்ற வேறுபாடு மட்டுமே இருந்தால் வெளியிலிருந்து வரவழைக்கலாம். கடும் ஒவ்வாமை உள்ள ஒருவர் இருந்தாலும் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இரண்டு முழுச் சமையல் என்பது நம் ஊர்த் திருமண வீட்டுப் பழக்கத்துக்கு நெருக்கமானது. கோழியை வாசலிலோ பின்கட்டிலோ தனி அடுப்பில் வைத்துக்கொள்ளும் வீடுகள் இன்றும் உள்ளன. சைவர்களுக்கு மனநிறைவு தரும் ஏற்பாடு இது. ஆயினும் மேற்சொன்ன பன்னிரண்டு பேரை இது இரண்டாக மட்டுமே பிரிக்கிறது. சமணரும் வீகனும் சீலியாக் நோயாளியும் “சைவம்” என்னும் ஒரே கூரைக்குள் அடைபடுகிறார்கள். அவர்களுக்குள் மோதும் கட்டுப்பாடுகள் அப்படியே நிற்கின்றன. வேலை இரட்டிப்பாகிறது, சிக்கல் பாதிகூடத் தீர்வதில்லை.

எல்லோருக்கும் ஒன்றே

மூன்றாவது ஏற்பாட்டுக்குத் தாய்லாந்திலேயே முன்மாதிரி உண்டு. சீன வழித் தாய்லாந்து மக்கள் கைக்கொள்ளும் ஜே உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றோடு பூண்டு, வெங்காயம், சின்ன வெங்காயம் போன்ற கடும் மணமுள்ளவையும் விலக்கப்படுகின்றன. சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள்கள் நடைபெறும் விழாவின்போது, புக்கெட் தீவிலும் பாங்காக் நகரின் சீனர் வாழும் பகுதிகளிலும் மஞ்சள் கொடி கட்டிய கடைகளெல்லாம் ஜே உணவையே விற்கின்றன. அந்த ஒன்பது நாள்கள் பெரும்பாலும் நம் புரட்டாசியையோ ஐப்பசித் தொடக்கத்தையோ ஒட்டி வருவது இனிய பொருத்தம். தாய்லாந்தில் சைவத்துக்கு வழங்கும் பொதுச்சொல் முட்டையையும் பாலையும் அனுமதிக்கலாம்; ஜே அப்படியன்று. எனவே சமையல் குறிப்புகளைத் தேடுபவர்கள் ஜே குறிப்புகளிலிருந்து தொடங்கினால் வீகன் விருந்தினர் சிக்கலும், வெங்காயம் பூண்டுச் சிக்கலும் ஒருசேரத் தீரும்.

ஆனாலும் ஜே உணவு சமண உணவாகிவிடாது. அரத்தையும் இஞ்சியும் மண்ணுக்கடியில் விளைபவை. பச்சைக் குழம்பு விழுதில் சேரும் கொத்தமல்லி வேரும் அப்படியே. சமணர் பலர் காளானையும், நெறி வழுவாதவர்கள் கத்தரிக்காயையும் விலக்குவர். இவையெல்லாம் நீங்கிய பின்பு, ஒவ்வாமைக்காக நிலக்கடலையும், சீலியாக் நோயாளிக்காகச் சோயா சாஸும், பெரியப்பாவுக்காக வெல்லமும் உப்பும் நீங்கினால், எஞ்சுவது யார் மீதும் குற்றம் சொல்ல முடியாத, யாருக்கும் நினைவில் நிற்காத ஒரு தேங்காய்ப்பால் சாறு. புரட்டாசியில் விருந்து வைத்தால் இந்த ஏற்பாட்டையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அப்போது மாமாவும் கோழி கேட்க மாட்டார். மற்ற மாதங்களில், ஒருவரின் நெறிக்காகப் பன்னிரண்டு பேரின் சுவையைக் குறைப்பது தேவையற்றது. அந்த ஒருவருக்கும் அது கூச்சமாகவே இருக்கும்.

அடி ஒன்று, பிரிவு மூன்று

நான்காவது ஏற்பாடு தாய்லாந்து உணவின் இயல்போடு ஒத்துப்போகிறது. அந்நாட்டு நூடுல்ஸ் கடைகளில் உண்பவரே சேர்த்துக்கொள்ளும்படி மிளகாய் ஊறிய மீன் சாஸ், சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர் ஆகியவற்றை மேசைமீதே வைத்துவிடுகிறார்கள். உப்பையும் புளிப்பையும் இனிப்பையும் கடைசியில் அவரவர் கூட்டிக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், தடைக்குரிய பொருள்களை அடுப்பிலிருந்து இலைக்கு நகர்த்துவது அந்தச் சமையலுக்கு ஊறு செய்வதாகாது.

இதற்கு ஏற்ற மையப் பொருளாக நான் கருதுவது சட்டியில் வதக்கும் நூடுல்ஸான பேட் தாய் அன்று, கனோம் ஜீன். இது அரிசி மாவைப் பிழிந்து செய்யும் மெல்லிய நூல். தாய்லாந்தில் விசேஷ வீடுகளில் பெருங்கூட்டத்துக்குப் பரிமாறப்படுவது. மேலே பச்சைக் குழம்போ மீன் குழம்போ ஊற்றி, பக்கத்தில் பச்சைக் காய்களும் தழைகளும் வாழைப்பூவும் வைத்து உண்பது. கொங்கு நாட்டு வீட்டில் இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை, சந்தகை இருக்கிறது. ஊறவைத்த இட்லி அரிசியை அரைத்து வேகவைத்துச் சூட்டோடு அச்சில் பிழியும் சந்தகையில் கோதுமை இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, வேரும் கிழங்கும் இல்லை. பிழிந்ததும் நெய் தடவும் பழக்கத்தை மட்டும் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். தேங்காய்ப்பாலோடு அதை உண்பதும் நமக்குப் பழக்கமே. வழக்கமாக நாட்டுச் சர்க்கரை சேரும் இடத்தில் இங்கே காரக் குழம்பு சேர்கிறது. பன்னிரண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போதும். கடையில் விற்கும் உலர்ந்த அரிசி நூடுல்ஸும் குளூட்டன் இல்லாததுதான் என்றாலும், கோதுமைப் பொருள்கள் செய்யும் அதே ஆலையில் செய்யப்பட்டதா என்பதைப் பொட்டலத்தில் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் பிழிந்த சந்தகைக்கு அந்தக் கவலை இல்லை.

குழம்பு மூன்று கட்டங்களில் பிரிகிறது. முதல் பிரிவு மிக்சி ஜாரில் நிகழ்கிறது. பச்சை மிளகாய், எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, எலுமிச்சைத் தோலின் பச்சைப் பகுதி, கொத்தமல்லித் தழை, வறுத்த தனியா, சீரகம், வெள்ளை மிளகு ஆகியவற்றை முதலில் அரைத்துச் சமணருக்கான பங்கை எடுத்துவைத்துவிட வேண்டும். அதன்பிறகு அதே ஜாரில் எஞ்சியதோடு பூண்டு, சின்ன வெங்காயம், அரத்தை, கொத்தமல்லி வேர் ஆகியவற்றைச் சேர்த்து அரைக்கலாம். வரிசை மாறினால் ஜாரைக் கழுவினாலும் பூண்டு மணம் போகாது. எலுமிச்சைப் புல்லும் எலுமிச்சைத் தோலும் விழுதில் இருக்கும்வரை, பூண்டும் அரத்தையும் இல்லாவிட்டாலும் அது பச்சைக் குழம்பின் மணத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. நிலக்கடலையும் உருளைக்கிழங்கும் சேரும் மசமன் குழம்பு இதே சோதனையில் தேறாது. அம்மியில் அரைப்பதே தாய்லாந்து உரலுக்கு நெருக்கமானது என்றாலும், கருவாடோ நிலக்கடலையோ முன்பு அரைபட்ட கல்லில் அவற்றின் எச்சம் தங்கக்கூடும் என்பதால் இந்த விருந்துக்கு அம்மி வேண்டாம்.

இரண்டாவது பிரிவு பாத்திரத்தில் நிகழ்கிறது. சமணருக்கான சிறு பாத்திரத்தில் அவரைக்காயும் சுரைக்காயும் குடைமிளகாயும் வேகட்டும். பெரிய பாத்திரத்தில் வெள்ளைக் கத்தரிக்காயும் சுண்டைக்காயும் சேரட்டும். பச்சைக் குழம்பில் தாய்லாந்தினர் போடும் பட்டாணி அளவுக் கத்தரி நம் சுண்டைக்காய்தான் என்பதால், இதில் மாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. கோழியை இந்தப் பாத்திரத்தில் போடாமல், குழம்பில் ஒரு பகுதியை மூன்றாம் பாத்திரத்துக்கு மாற்றிய பின்பே சேர்க்க வேண்டும். ஹலால் கடையில் வாங்கிய கோழியை வைத்தால் அசைவம் உண்போர் அனைவருக்கும் ஒரே பாத்திரம் போதும். மூன்றாவது பிரிவு இலையில். மீன் சாஸ், சோயா சாஸ், வறுத்த நிலக்கடலை, பொரித்த டோஃபு என்னும் சோயாக் கட்டி, வேகவைத்த முட்டை, கூடுதல் உப்பு ஆகியவை தனித்தனிக் கிண்ணங்களில் காத்திருக்கும். குழந்தைக்கு நிலக்கடலை கடுமையாக ஒவ்வாது என்றால் அந்தக் கிண்ணம் அன்று வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. மற்றவர்களுக்கு அதனால் பெரிய இழப்பும் இல்லை.

உப்பை இலைக்கு நகர்த்துவதன் பயன் பெரியப்பாவுக்கும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸில் ஏறத்தாழ 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் சேர வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. குழம்பை அரை உப்பில் இறக்கிவிட்டால் அவர் தயங்காமல் உண்ணலாம், மற்றவர் கூட்டிக்கொள்ளலாம்.

விழுதும் பாலும்: கடையா, வீடா?

புட்டி விழுது நேரத்தைச் சேமிக்கும் என்பது உண்மை. ஆனால் அது முதல் பிரிவுக்கு இடமே தருவதில்லை. பூண்டும் அரத்தையும் ஏற்கெனவே கலந்திருக்கும், பலவற்றில் இறால் விழுதும் இருக்கும். வாங்கியே தீர வேண்டுமானால் பொட்டலத்தின் குறியைப் பார்க்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமும் இடப்படுகின்றன. குளூட்டன் உள்ள தானியம், ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலிய ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் அவற்றையும் தனியே குறிப்பிட வேண்டும். பச்சை வட்டத்தை மட்டும் பார்த்து வீகன் விருந்தினருக்கு வாங்கிவிடக் கூடாது. பால் கலந்த பொருளுக்கும் அதே குறிதான்.

தேங்காய்ப்பால் பொடியில் இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. அது கட்டி சேராமல் கரைவதற்காகப் பல தயாரிப்புகளில் பாலிலிருந்து எடுக்கும் கேசினேட் சேர்க்கப்படுகிறது. டப்பாப் பால் அந்த வகையில் பெரும்பாலும் தூயது. ஆனால் அதில் சேர்க்கப்படும் நிலைப்படுத்திகளால் எண்ணெய் எளிதில் பிரியாது. தாய்லாந்து முறையில் பச்சைக் குழம்பின் தொடக்கமே, கெட்டிப் பாலைக் காய்ச்சி எண்ணெய் பிரியவிட்டு அதில் விழுதை வதக்குவதுதான். பொள்ளாச்சித் தேங்காய் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது பொடியும் டப்பாவும் எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐந்தாறு தேங்காயைத் துருவி முதற்பாலும் இரண்டாம் பாலும் பிழிந்தால் பன்னிரண்டு பேருக்குக் குழம்பு காணும். பிழிந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

தேங்காயிலிருந்தே எண்ணெய் பிரிவதில் மற்றொரு நன்மை உண்டு. நம் வீடுகள் பலவற்றில் தாளிக்க நிற்பது செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். நன்கு சுத்திகரித்த எண்ணெயைப் போலன்றிச் செக்கு எண்ணெயில் நிலக்கடலையின் புரதம் தங்கியிருக்கும் என்பதால், ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்தானது. டோஃபுவும் தேங்காய் எண்ணெயிலேயே பொரியட்டும். பழக்க தோஷத்தில் கடலை எண்ணெய்த் தூக்கை எடுத்துவிடாமல் இருக்க, அதை அன்றைக்குச் சமையலறையிலிருந்தே அகற்றிவிடுவது நல்லது.

இனிப்புக்குக் கருப்பட்டியா, நாட்டுச் சர்க்கரையா என்றால், தாய்லாந்தின் பனைவெல்லம் இளநிறமும் மென்மணமும் உடையது. கருப்பட்டி குழம்பின் பச்சை நிறத்தைக் கெடுத்துவிடும். கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச் சர்க்கரை ஒரு கரண்டி போதும். எலுமிச்சையின நறுமண இலை கிடைக்காவிட்டால் இளம் நாரத்தை இலையைக் கிழித்துப் போடலாம். பேரரத்தை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டுகளாகக் கிடைக்கும். அது சாற்றில் கொதிக்கத் தகும், விழுதுக்குத் தகாது.

துணைவகைகளில் தள்ளுவதும் கொள்ளுவதும்

முஸ்லிம் வணிகர் வழி வந்ததாகக் கருதப்படும் மசமன் குழம்பு, பட்டையும் ஏலமும் மணக்கக் கொங்கு நாக்குக்கு மிக நெருக்கமானது. ஆயினும் நிலக்கடலையும் உருளைக்கிழங்கும் இறால் விழுதும் அதன் உடலிலேயே கலந்தவை. பிரிக்க முயன்றால் குருமாதான் மிஞ்சும். பேட் தாய் எல்லோரும் பெயரறிந்தது என்றாலும், முட்டை, காய்ந்த இறால், மீன் சாஸ், நிலக்கடலை ஆகிய நான்கும் ஒரே சட்டியில் சேர்வதோடு, ஓரிருவருக்கு மட்டுமே ஒரு தடவையில் வதக்க முடியும். பன்னிரண்டு பேர் காத்திருக்க இல்லத்தரசி அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கும். இரண்டையும் தள்ளிவிடலாம்.

துளசி போட்டு வதக்கும் பேட் கப்ராவ் வேறொரு காரணத்துக்காகத் தள்ளத் தக்கது. தாய்லாந்தினர் அதில் இடுவது நாம் மாடத்தில் வைத்து வணங்கும் அதே இனத் துளசியே. கொத்திய கோழியோடு அது இலையில் வந்தால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். பச்சைக் குழம்பில் தூவுவது இனிப்பு மணமுள்ள வேறு வகை. நம் திருநீற்றுப் பச்சிலையின் நெருங்கிய உறவு. அதைத் தயங்காமல் சேர்க்கலாம்.

சோம் டாம் என்னும் பப்பாளிக்காய்க் கலவையைப் பலரும் முதலில் நினைப்பார்கள். பந்தியில் கருவுற்ற பெண் ஒருவர் இருந்தாலும் பப்பாளிக்காய் நம் வீடுகளில் எழுப்பும் கலக்கத்தை நினைத்தால், கிளிமூக்கு மாங்காயைச் சீவிச் செய்யும் கலவையே மேல். அதுவும் தாய்லாந்து உணவுதான். மாங்காய், வெள்ளரிக்காய், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு, சிட்டிகை நாட்டுச் சர்க்கரை என்று அடிக்கலவையை வைத்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

தொடக்கத்துக்கு மியாங் காம் மிகப் பொருத்தம். வெற்றிலை இனத்தைச் சேர்ந்த ஓர் இலையில் வறுத்த தேங்காய்த் துருவல், தோலோடு நறுக்கிய எலுமிச்சைத் துணுக்கு, இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகாய், நிலக்கடலை, காய்ந்த இறால் ஆகியவற்றில் வேண்டியதை வைத்து, வெல்லப்பாகு விட்டு மடித்து வாயில் போட்டுக்கொள்வது அது. அவரவர் கையால் அவரவருக்கு ஆனதை மட்டும் எடுத்து மடிப்பதால், கட்டுப்பாட்டைப் பற்றி யாரும் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. தாய்லாந்து இலைக்குப் பதில் காரம் குறைந்த கொழுந்து வெற்றிலை போதும். நிலக்கடலைக்கும் இறாலுக்கும் பதிலாக வறுத்த பொட்டுக்கடலை வைத்தால் மொறுமொறுப்பும் குறையாது. பருப்பினப் பொருள் என்பதால், அக்குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதைப் பெற்றோரிடம் மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெரியப்பாவுக்காக ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சந்தகை என்பது அரிசியே. அதைக் குறைத்து, லாப் என்னும் வகையைக் கூட்டலாம். வறுத்துப் பொடித்த அரிசி, எலுமிச்சைச் சாறு, புதினா, மிளகாய்த் தூள் ஆகியவற்றோடு பொடியாக நறுக்கி வதக்கிய காளானைப் பிசறினால் அது சைவ லாப். தேங்காயும் சர்க்கரையும் அதில் இல்லை.

பரிமாறும் முறையும் நேரமும்

தாய்லாந்தில் எல்லா வகையும் ஒருங்கே நடுவில் வைக்கப்பட்டு, பொதுக்கரண்டியால் அவரவர் தட்டுக்குச் சோற்றின்மேல் எடுத்துக்கொள்ளப்படும். நட்பு வளர்க்கும் முறைதான். ஆனால் கோழிக் குழம்பில் தோய்ந்த கரண்டி அடுத்த நொடியே காய்கறிக் குழம்பில் இறங்காது என்பதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. எல்லோரும் வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் பஃபே முறை இதிலும் மோசம். நிலக்கடலைத் துகள் எங்கெல்லாம் விழுந்தது என்பதை எவரும் கவனிப்பதில்லை. இந்த இடத்தில் நம் பந்திமுறையே வெல்கிறது. அமர்ந்திருப்பவர் யார், அவர் இலையில் என்ன விழலாம் என்பதை அறிந்த இருவர் பரிமாறினால் போதும். ஒருவர் சமண, வீகன் பாத்திரங்களை மட்டும் தொடட்டும். மற்றவர் கோழியையும் மீன் சாஸையும் தொடட்டும். வீட்டுப் பிள்ளைகள் பரிமாறுவதானால் யார் யாருக்கு எது ஆகாது என்பதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடலாம். விருந்தினர் கண்ணில் படும்படி இலைக்கு முன்னால் பெயர் அட்டை வைப்பது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, சமணர் பலர் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை. கோயம்புத்தூரில் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. எட்டு மணி விருந்துக்கு அவர்களை அழைத்துவிட்டு, ஜெயின் குழம்பு தனியாக வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் பொருளில்லை. ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தாக வைத்தால் சிக்கலே எழாது. மாலையில்தான் வைக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே மியாங் காமில் தொடங்கி, சமணரின் இலையை முதல் பந்தியில் முடித்துவிடலாம்.

முடிவில் வரும் இனிப்பில் சிக்கல் குறைவு. தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் சர்க்கரை நோயைத் தவிர எல்லாக் கட்டுப்பாடுகளையும் தாண்டிவிடுகின்றன; ஒட்டரிசியில் குளூட்டன் இல்லை. மேலே தூவும் எள்ளை மட்டும் விட்டுவிடலாம். சேலத்து இமாம்பசந்தோ மல்கோவாவோ கிடைக்கும் கோடையில் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஒட்டரிசி கிடைக்காவிட்டால் கவுனி அரிசி. மாம்பழம் இல்லாத மாதங்களில் கதலிப் பழத்தைத் தேங்காய்ப்பாலில் சிட்டிகை உப்போடு வேகவைக்கலாம். அதையும் தாய்லாந்தினர் விரும்பி உண்கிறார்கள். பெரியப்பாவுக்குக் கொய்யாத் துண்டுகளும் மிளகாய் உப்பும்.

இந்த முடிவு மாறும் சூழல்களும் உள்ளன. விருந்தினர் முப்பதைத் தாண்டினால் மூன்று பிரிவுகளையும் வீட்டு அடுப்பில் காக்க முடியாது. அப்போது எல்லோருக்கும் ஒன்றே என்னும் மூன்றாவது ஏற்பாட்டைச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து, கோழியை முற்றிலும் விட்டுவிடுவதே சரி. ஒவ்வாமையோ சீலியாக் நோயோ மிகக் கடுமையானதாக இருந்து, அந்தக் குடும்பத்தினர் தங்களவருக்கான உணவைத் தாங்களே கொண்டுவருவதாகச் சொன்னால், விருந்தோம்பலுக்கு இழுக்கு என்று மறுக்கக் கூடாது. அதைச் சூடாக்கத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் எடுத்துவைத்து, அவர் இலையையும் மற்றவர்களோடு அதே பந்தியிலேயே போட வேண்டும்.